மேடை நடுக்கத்துக்கு மாத்திரை

ஜனவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்களும் அண்ணனும் சுகமா? மலைக்குளிரில் உங்கள் முழங்கால் என்ன சொல்கிறது? இங்கே நானும் பூனையும் சுகம். பூனை என்னைவிட ஒரு சுற்றுக் கூடுதல் சுகம்.

இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். ஆனால் நீங்கள் போனை எடுத்ததுமே அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். அப்புறம் மூன்று பேரும் மழை வருமா வராதா என்றுதான் பேச வேண்டியிருக்கிறது. அதனால் பழையபடி நீங்கள் வேலை பார்க்கும் தபால் ஆபீஸ் முகவரிக்கே எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலை விட்டுவிட்டேன். பயப்படாதீர்கள், வேறு வேலை கிடைத்த பிறகுதான் விட்டேன். புதுக் கம்பெனி. மெத்தைக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். உடம்புக்கு என்னவென்று ஆட்கள் செல்போனில் எழுதுவார்கள். டாக்டரம்மா தன் வீட்டிலிருந்தே வீடியோவில் அவர்களோடு பேசி மருந்து எழுதுவார். நான் அதைச் சரிபார்த்து, அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டித் தபாலில் அனுப்புவேன். முதலாளிக்கு என்னைவிடப் பாதி வயது. நடக்கவே தெரியாது, எங்கே போனாலும் ஓட்டம்தான். நான் வைத்திருக்கும் பெயர் ராக்கெட்.

ஏன் போனேன் என்று கேட்பீர்கள். ஜன்னலில் ஒருவர் குனிந்து கிசுகிசுப்பார். எனக்குக் காதில் விழாது. "சத்தமா சொல்லுங்க" என்பேன். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். அவர் மருந்தே வாங்காமல் போய்விடுவார். இங்கே யாரும் கிசுகிசுக்க வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். புதிதாக வருகிற யாராக இருந்தாலும், மருந்து அனுப்புவதற்கு முன் ஒரு தடவை நான் போனில் கூப்பிட்டுப் பேசுவேன். ராக்கெட் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா, நாம மருந்து விக்கிறோம். சம்பந்தம் பேசப் போகல!"

பேசினால்தான் அனுப்புவேன் என்றேன். இப்போதைக்கு ஒத்துக்கொண்டிருக்கிறான்.

அண்ணனிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள்.

உங்கள் வாலு

*

ஜனவரி 30

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் காலையில் முணுமுணுக்கிறது, மத்தியானத்துக்குள் சமாதானமாகிவிடுகிறது. உன் அண்ணன் நலம். அவர் வேலை பார்க்கும் நீரேற்று நிலையத்தில் புது பம்ப் வந்திருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்துவிட்டு வருகிறார்.

பக்குவமாகச் சொல்லச் சொன்னாய், சொன்னேன். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார். "டாக்டர் நாடியைப் பிடிக்காம மருந்தா? நாளைக்குத் தாலாட்டையும் பார்சல்ல அனுப்புவாங்க. ஆஸ்பத்திரி வேலையை விட்டுட்டு இவளுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று ஆரம்பித்தவர், கை கழுவும்வரை நிறுத்தவில்லை. பிறகு மெதுவாக, "அங்க உக்கார நல்ல நாற்காலியாவது இருக்காமா?" என்றார். ஆகவே கோபமில்லை என்று வைத்துக்கொள்.

உங்கள் பெட்டி ஒன்று போன வாரம் என் ஜன்னலுக்கே வந்தது. கம்பெனிப் பெயரே இல்லாத பழுப்பு அட்டை, மூலையில் மெத்தைக் கடை முகவரி மட்டும். வாங்க வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார், சால்வைக்குள் பெட்டியை மறைத்தார், வாசலில் போய் நின்று ஒரு பெருமூச்சு விட்டார். யார் என்று கேட்காதே. தபால்காரி வாயைத் திறந்தால் ஊர் தாங்காது.

நாற்காலியைப் பற்றி எழுது. கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
அண்ணி

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் இருவர் உடம்பும் நன்றாக இருக்க வேண்டும். எனக்குச் சளி பிடித்து விட்டது. பூனைக்கு என் மடியிலேயே உட்கார அது நல்ல சாக்கு.

நாற்காலி சுற்றுகிற நாற்காலி என்று அண்ணனிடம் சொல்லுங்கள். கையும் வைத்துக்கொள்ளலாம்.

கம்பெனி வளர்கிறது அண்ணி! கண்ணெதிரே வளர்கிறது. மெத்தைக்கடைக்காரர் மாடி முழுவதையும் எங்களுக்கே விட்டுவிட்டார். பெட்டி கட்ட ஆறு பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். டேப் இழுக்கிற சத்தத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை. காலையில் நான் வரும்போது ராக்கெட் படியிலேயே நிற்கிறான். "அக்கா, நேத்து எத்தனை தெரியுமா?" தெரியும், கட்டினது நான்தானே!

முடி கொட்டுவதற்கு, முகப்பருவுக்கு, தூக்கத்துக்கு, மாதாமாதம் ரத்தக் கொதிப்புக்கு. எத்தனை பேர் எத்தனை மறைத்து வைத்திருக்கிறார்கள்! ஒரு லாரி டிரைவர் முகப்பருவுக்குக் களிம்பு கேட்டார். போன் செய்தேன். "மேடம், நான் மீசையை முறுக்கிக்கிட்டு மருந்துக்கடைக்குப் போய் முகத்துக்குக் க்ரீம் கேட்டா நல்லாவா இருக்கும்?" என்றார். ஒரு வாத்தியாரம்மா ரத்தக் கொதிப்புக்கு எங்களிடம் ஒன்று, வேறு டாக்டரிடம் ஒன்று என்று ஒரே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட இருந்தார். பேசியதால்தான் தெரிந்தது. "தலை சுத்தி வகுப்புல விழுந்திருப்பேனே!" என்று சிரிக்கிறார். அவர் பெட்டியை அப்படியே நிறுத்திவிட்டேன்.

ராக்கெட் மட்டும் கடிகாரத்தைப் பார்க்கிறான். மற்ற கம்பெனிகள் யாரையும் கூப்பிடுவதில்லையாம். கேட்டவுடன் அனுப்பிவிடுகின்றனவாம்.

உங்கள் வாலு

*

ஏப்ரல் 17

அன்புள்ள வாலுவுக்கு,

சளி விட்டதா? வெந்நீர் குடி. மருந்துக்காரிக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள் கம்பெனி வளர்வது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. முன்பு எப்போதாவது ஒரு பெட்டி. இப்போது பழுப்புப் பெட்டிகளுக்கு மட்டும் தனிச் சாக்கு. போஸ்ட்மேன் சைக்கிளை விட்டுவிட்டு வண்டி கேட்கிறான். பெட்டியில் என்ன இருக்கிறது என்று ஊரில் ஒருவரும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. ஆனால் ஜன்னலில் ஒருவரை ஒருவர் பார்த்து லேசாகத் தலையசைத்துக்கொள்கிறார்கள். ஒரே சங்கத்து உறுப்பினர்கள் மாதிரி.

இனி என் விஷயம். சிரிக்காமல் படி.

உன் அண்ணனுக்கு என்னவோ ஆகிவிட்டது. வாரத்தில் மூன்று சாயங்காலம் "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்புகிறார். நடந்தால் செருப்பில் தூசி இருக்க வேண்டாமா? இல்லை. போகும் முன்பு கண்ணாடி முன்னால் நின்று தலை சீவுகிறார். சீவ அங்கே எவ்வளவு இருக்கிறது என்பது உனக்கே தெரியும். நீலத்தில் ஒரு சட்டை வாங்கியிருக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் தானாகச் சட்டை வாங்கிப் பார்த்திருக்கிறாயா? திரும்பி வரும்போது முகம் பளிச்சென்று இருக்கிறது. வாய்க்குள் என்னவோ முணுமுணுக்கிறார். நான் உள்ளே நுழைந்தால் நிறுத்திவிடுகிறார்.

உன்னிடம் ஏதாவது சொன்னாரா? வேடிக்கையாகத்தான் கேட்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

*

மே 11

அன்புள்ள அண்ணிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? சளி விட்டுவிட்டது.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். அண்ணனுக்கு இளைப்பு இப்போது எப்படி இருக்கிறது? இன்ஹேலரைக் கையோடு வைத்திருக்கிறாரா? அதில் மருந்து இருக்கிறதா என்று நீங்களே ஒரு தடவை பாருங்கள். மறந்துவிடாதீர்கள்.

இங்கே ராக்கெட்டோடு எனக்குச் சண்டை. அடுத்த மாதத்திலிருந்து போன் பேசுவது வேண்டாம் என்கிறான். அதற்குக் காரணம் ஒரு மனிதர். பெயரும் ஊரும் சொல்ல மாட்டேன். மேடை ஏறினால் கை நடுங்குகிறது, படபடப்பை அடக்க மாத்திரை வேண்டும் என்று கேட்டிருந்தார். அப்படி ஒரு மாத்திரை உண்டு. நல்ல மாத்திரைதான். ஆனால் இளைப்பு உள்ளவர்கள் சாப்பிட்டால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடும். கூப்பிட்டேன்.

"வீசிங், ஆஸ்துமா, சின்ன வயசுல மூச்சுத் திணறல், ஏதாவது உண்டா சார்?"

"கிடையாது மேடம். எனக்கு இரும்பு மாதிரி நுரையீரல்."

"யோசிச்சுச் சொல்லுங்க சார்."

"யோசிக்க என்ன இருக்கு? இல்லேன்னா இல்லதான்."

அவர் சொல்வது பொய் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். "மன்னிக்கணும் சார், அனுப்ப முடியாது. வேற எங்க கிடைச்சாலும் தயவுசெஞ்சு சாப்பிடாதீங்க" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். ராக்கெட், "ஒரு ஆளை விரட்டிட்டீங்க" என்கிறான்.

வேறு ஒன்றுமில்லை. இன்ஹேலரைப் பாருங்கள்.

வாலு

*

ஜூன் 2

வாலுவுக்கு,

நலம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

நான் கேட்டது ஒன்று, நீ எழுதியது ஒன்று. உன் அண்ணன் எங்கே போகிறார் என்று கேட்டால், இன்ஹேலரில் மருந்து இருக்கிறதா என்று கேட்கிறாய். இருக்கிறது. போதுமா?

உனக்குப் பூசி மெழுக வராது. உன் கடிதங்கள் எப்போதும் ஓடையாக ஓடும். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் கதவைச் சாத்திக்கொண்டு நிற்கிறது. உனக்கு என்னவோ தெரிந்திருக்கிறது. உன் அண்ணன் என்பதால் நீ மறைக்கிறாய். இத்தனை காலம் உன்னை நாத்தனார் என்று நான் நினைத்ததே இல்லை. இப்போது நினைக்க வைக்கிறாய்.

சொல்லிவிடுகிறேன். போன வாரம் பூட்டு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். அவர் தையல்கடைப் பக்கவாட்டுப் படியில் ஏறிக்கொண்டிருந்தார். அந்த நீலச் சட்டை. படியில் சின்னப் பையன் மாதிரித் தாவி ஏறினார். மேலே ஒரு பெண் எட்டிப் பார்த்தாள், சிரித்தாள், ஜன்னலைச் சாத்தினாள். நான் பூட்டு வாங்காமலே திரும்பி வந்துவிட்டேன்.

வீட்டில் அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாரே என்றுதான் பயமாக இருக்கிறது.

உன் பதிலுக்காக இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும், எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை. அதுதான் இன்னும் கோபமாக இருக்கிறது.

அண்ணி

*

ஜூன் 6

என் அண்ணிக்கு,

உடம்பு, முழங்கால், எல்லாம் அப்புறம் விசாரிக்கிறேன். இதைப் படித்து முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புங்கள். அந்தப் படியில் ஏறுங்கள். கதவைத் தட்டுங்கள். நீங்கள் பயப்படுகிற மாதிரி அங்கே எதுவும் இருக்காது என்று பூனை மேல், இல்லை, என் மேலேயே சத்தியம் செய்கிறேன்.

வேறு என்ன இருக்கிறது என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. மனமில்லாமல் இல்லை. நீங்கள் எத்தனை வருஷமாக அந்த ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறீர்கள்! யாருக்கு எங்கிருந்து என்ன வந்தது என்று என்னிடம்கூட ஒரு தடவை சொன்னதுண்டா? நான் துருவித் துருவிக் கேட்டாலும் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவீர்கள். எனக்கும் இப்போது அப்படி ஒரு ஜன்னல். இவ்வளவு சொன்னதே அதிகம். ராக்கெட்டுக்குத் தெரிந்தால் அவனே என்னை வேலையை விட்டு அனுப்பலாம், நியாயம்தான்.

நாத்தனார் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மடித்து உள்ளே வைத்துவிட்டேன். திரும்பப் படிக்க மாட்டேன்.

கிளம்புங்கள் அண்ணி.

வாலு

*

ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நலமா? பதிலே காணோம். தாங்க முடியாமல் இரண்டு தடவை போன் செய்தேன். இரண்டு தடவையும் அண்ணன்தான் எடுத்தார். மழை நன்றாகப் பெய்கிறதாம். நீங்கள் குளித்துக்கொண்டிருக்கிறீர்களாம். இரண்டு தடவையும் குளித்துக்கொண்டிருந்தீர்களா?

உங்களுக்குக் கோபம் இருக்கலாம். நான் பாட்டுக்கு எங்கள் செய்தியை எழுதுகிறேன். படிக்கவாவது செய்யுங்கள்.

மெத்தைக்கடை மாடி போதவில்லை. ஊரின் ஓரத்தில் பழைய அச்சகக் கட்டடத்துக்கு மாறிவிட்டோம். உயரமான கூரை, வரிசையாக மேசைகள், டாக்டரம்மாவுக்குக் கண்ணாடித் தடுப்புப் போட்ட அறை. போன் பேசும் விஷயத்தில் ராக்கெட்டிடம் ஒரே வார்த்தைதான் சொன்னேன்: "அது நின்னா நானும் நிக்கிறேன்." முறைத்துக்கொண்டு போனான். சாயங்காலம் வந்து, தான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேள்விப்பட்டதாகச் சொன்னான். எங்களை ஆட்கள் கம்பெனிப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லையாம். "போன் பண்ற மருந்துக்காரங்க" என்கிறார்களாம். அப்படிச் சொல்லித்தான் தெரிந்தவர்களுக்கு எங்களைக் காட்டிவிடுகிறார்களாம். இப்போது போன் பேச என்னோடு இன்னும் நான்கு பேர். மருந்துக்கடை அனுபவம் உள்ளவர்கள்.

அந்த மேடை மனிதர் நினைவிருக்கிறதா? அவர் திரும்பி வந்தார். இந்தத் தடவை இளைப்பு உண்டு என்று முதல் வரியிலேயே ஒப்புக்கொண்டார். டாக்டரம்மா வீடியோவில் கூப்பிட்டு, "மாத்திரை இல்லாமலே பழகலாம். முதல்ல என் ஒருத்திக்கு முன்னாடி பாடுங்க" என்றார். அந்த ஆள் கேமராவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆரம்பித்தார். "திரும்புங்க சார்" என்றார் டாக்டரம்மா. திரும்பினார். பாடினார்.

கண்ணாடித் தடுப்பு, சத்தத்தை எங்கே நிறுத்துகிறது! முதலில் ஒரு மேசையில் டேப் இழுக்கிற சத்தம் நின்றது. அப்புறம் அடுத்த மேசை. கடைசியில் அந்தப் பெரிய கூடம் முழுக்க அந்தக் குரல் மட்டும்தான். ராக்கெட்கூட ஓடாமல் நின்றான்.

நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அப்படி ஒரு குரலை நான் கேட்டதே இல்லை அண்ணி.

பதில் போடுங்கள்.

வாலு

*

ஆகஸ்ட் 3

என் வாலுவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். அமோகமாக நலம். நான் இரண்டு தடவையும் குளிக்கவில்லை. ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கோபத்தில் எழுதிய கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது என்று வெட்கமாக இருந்தது. அப்புறம் வெட்கம் போய், உன்னைக் கொஞ்சம் தவிக்க விடலாம் என்று குறும்பு வந்துவிட்டது. இனி முழுதாகச் சொல்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்றே ஜன்னலை மூடிவிட்டுப் போனேன். படி ஏறும்போது முழங்காலும் மனசும் ஒரே மாதிரி வலித்தன. தட்டினேன். அந்தப் பெண்தான் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு பேர் அரைவட்டமாக நிற்கிறார்கள். பல் டாக்டர், பேக்கரிக்காரர், நம் போஸ்ட்மேன்! நடுவில் உன் அண்ணன் கையில் ஒரு தாளோடு வாயைத் திறந்தபடி. மூடவே இல்லை.

அது ஊர்ப் பாட்டுக் குழு வாலு. அந்தப் பெண் சொல்லிக்கொடுக்கிற பாட்டு டீச்சர். தெரு இரைச்சலுக்காக ஜன்னலைச் சாத்துவாளாம். புது நூலகக் கூடத் திறப்பு விழாவில் பாடப் போகிறார்கள். அதில் உன் அண்ணனுக்குத் தனியாக ஒரு பாட்டு.

"இத்தனை வருஷம் என்கூட இருந்திருக்கீங்க. பாட வரும்னு ஒரு வார்த்தை சொல்லலையே?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பம்ப் ஓடும்போதுதான் பாடுவேன். அந்தச் சத்தத்துல யாருக்கும் கேக்காது. வீட்டுல பம்ப் இல்லையே."

பாட்டு டீச்சர்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் நான். அப்புறம் எல்லாரும். எனக்குக் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது சிரிப்பாலா வேறு எதனாலா தெரியவில்லை.

வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தோம். மேடையில் கை நடுங்கியது, மாத்திரை கேட்டது, தன் பெயருக்குப் பதில் கீழ்க்கடைத் தையல்காரர் பெயரைக் கொடுத்தது, பம்ப் ஹவுஸ் போனில் ஒரு மேடம் கூப்பிட்டது, எல்லாம் சொன்னார். "அந்த மேடம் நம்ம வாலுதான்னு முதல் ஹலோவுலயே தெரிஞ்சுபோச்சு. அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். ரெண்டு பேரும் விட்டுக்கொடுக்கல" என்றார். நீங்கள் அண்ணன் தங்கையேதான்.

இன்னொன்றும் சொன்னார். வேறொரு கம்பெனி ஒரு கேள்வியும் கேட்காமல் அந்த மாத்திரையை அனுப்பிவிட்டதாம். தையல்காரர் பெயரில் வந்த அதற்கு முத்திரை குத்திக் கொடுத்ததே நான்தான். பெட்டியைப் பிரித்துக் கையில் ஒன்று எடுத்திருக்கிறார். சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்டேன். "போன்ல அவ குரல் நடுங்கிச்சு. சின்ன வயசுல எனக்கு மூச்சு முட்டும்போது பக்கத்துல உக்காந்து அப்படித்தான் பேசுவா" என்றார்.

உங்கள் டாக்டரம்மாவுக்கு விண்ணப்பித்தது நான்தான். அன்றைக்கு அவர் பாடியபோது கேமராவுக்கு வெளியே, சுவரோரம் உட்கார்ந்திருந்ததும் நான்தான். இப்போது அவரே எல்லாம் சொல்லிவிட்டதால் நீ உன் ஜன்னலைத் திறக்கலாம்.

அந்த மாத்திரைப் பெட்டியை என்ன செய்வது? குப்பையில் போடலாமா?

உன்னைச் சந்தேகப்பட்ட, உன்
அண்ணி

*

ஆகஸ்ட் 20

மருந்துக் கம்பெனி மேடம் அவர்களுக்கு,

பொருள்: நூலகக் கூடத் திறப்பு விழாவுக்கு வருகை தருவது தொடர்பாக.

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்பப்படுகிறது. இங்கு நீரேற்று நிலையமும் அதன் மேற்பார்வையாளரும் நல்ல முறையில் இயங்கி வருகிறோம்.

நுரையீரல் இரும்பு எனக் கூறியது தவறான தகவல் என்பதை இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் அறிவுறுத்தியபடி அந்த மாத்திரைகள் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஒப்படைக்கப்பட்டன. டாக்டரம்மா முன் நான்கு முறை, பாட்டுக் குழு முன் பல முறை, தங்கள் அண்ணி முன் ஒரு முறை பாடியாயிற்று. இதில் கடைசிதான் கடினமாக இருந்தது.

விழா செப்டம்பர் பத்தாம் தேதி, மாலை. கை இன்னும் நடுங்குகிறது. நீ முன்வரிசையில் உட்கார வேண்டாம். திரைக்குப் பக்கத்தில் எனக்குத் தெரிகிற இடத்தில் நில். இன்ஹேலர் உன் கையில் இருக்கட்டும்.

அந்த நாற்காலி உண்மையிலேயே சுற்றுகிறதா?

இப்படிக்கு,
அண்ணன்

*

செப்டம்பர் 16

அன்புள்ள அண்ணிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். பூனை இரண்டு நாள் பேசவில்லை. உங்கள் இருவர் உடம்பும் எப்படி? அண்ணன் தொண்டைக்கு வெந்நீர் கொடுங்கள்.

நீங்கள் முன்வரிசையில் இருந்தீர்கள், அதனால் நான் பார்த்ததை நீங்கள் பார்க்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அவர் பெயரைக் கூப்பிட்டதும் என் பக்கம் திரும்பினார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருந்தது. "வாலு, கால் வரமாட்டேங்குது." நான் இன்ஹேலரை நீட்டினேன். "வேணாம், மூச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு. கால்தான்" என்றார். இடுப்பில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். நீங்கள் எல்லாரும் அவர் கம்பீரமாக நடந்து வந்ததாகப் பேசிக்கொண்டீர்களே, அது நான் தள்ளிய வேகம்.

முதல் வரி முழுக்க நடுக்கம். கையில் இருந்த தாள் சலசலத்தது நான் நின்ற இடம் வரைக்கும் கேட்டது. இரண்டாவது வரியில் தாளைச் சட்டைப்பையில் வைத்தார். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று உங்களுக்கே தெரியும். டாக்டரம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பெனியில் எல்லா மேசையும் அதையே பார்த்ததாம். ராக்கெட் டாக்டரம்மாவின் துண்டை வாங்கி மூக்கைச் சிந்தினானாம். பாடுவது யார் என்று அவர்களிடம் சொல்லச் சொன்னதே அண்ணன்தான், இனி இது ரகசியம் இல்லையாம். எல்லாரிடமும் சொல்லலாமாம்.

பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்த பிறகும் அவர் இறங்கவில்லை. மறந்துவிட்டார் என்று நினைத்து நான் கையைக் காட்டினேன். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்து, "இன்னொண்ணு பாடட்டுமா?" என்றாரே, அப்போது உங்கள் முகத்தை நான் திரை ஓரத்திலிருந்து பார்த்தேன். அவருக்கு உங்களைப் பெண் கேட்டு நாங்கள் வந்த நாளில் பார்த்த முகம் அது.

புது வருஷத்தில் கம்பெனிக்கு இன்னொரு கட்டடம். அங்கே வேலை அதிகம் இருக்கும். ஆனாலும் உங்களுக்கு எழுதுவேன்.

உங்கள் வாலு

*

அக்டோபர் 5

அன்புள்ள வாலுவுக்கு,

நீயும் பூனையும் சமாதானமாகிவிட்டீர்களா? எனக்கு முழங்கால் தேவலை. காதுதான் கொஞ்சம் சரியில்லை. காரணம் கீழே.

உன் அண்ணன் பாடுகிறார். விடிந்தது முதல் பாடுகிறார். பல் தேய்க்கும்போது நுரையோடு பாடுகிறார். செருப்பு மாட்டும்போது பாடுகிறார். வீட்டில் பம்ப் இல்லை என்பது இப்போது அவருக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. அடுத்த வீட்டுக்காரர் முதலில் ஜன்னலைச் சாத்தினார். போன வாரம் கதவைத் தட்டி, "சார், அந்த ரெண்டாவது பாட்டைத் திரும்ப ஒரு தடவை" என்றார். அதோடு நம் நிம்மதி போயிற்று. ஊரில் இருக்கிற எல்லா வீட்டிலிருந்தும் பாட்டுக் கேட்டுக்கொண்டு வருகிறார்கள். நேற்றுத் தபால் ஆபீசுக்கு வந்து, வரிசையில் நின்றவர்களுக்கு ஒன்று பாடிவிட்டுப் போனார். ஒருத்தரும் தபால்தலை வாங்கவில்லை, எல்லாரும் அப்படியே நின்றார்கள்.

உங்கள் கம்பெனியில் எல்லாவற்றுக்கும் மருந்து உண்டு என்கிறாயே. பாட்டை நிறுத்துகிற மாத்திரை ஏதாவது இருக்கிறதா? டாக்டரம்மாவைக் கேட்டு எழுது. வழக்கம்போல் முதலில் போனில் கூப்பிட்டு என்னை விசாரி. இளைப்பு உண்டா, கொதிப்பு உண்டா, இந்த மனிதரோடு இத்தனை வருஷம் எப்படி இருந்தேன் என்றெல்லாம் கேள். எல்லாவற்றுக்கும் உண்மையைச் சொல்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்து நின்று பாட ஆரம்பித்துவிட்டார். கை நடுங்கவில்லை. தோளில் வைத்திருக்கிறார்.

நான் கேட்டேன் என்பதற்காக அனுப்பிவிடாதே.

அன்புடன்,
அண்ணி